கிண்ணமும் ஊசியும்

"இந்தப் புகைவளையத்தப் போட்டது அந்த அம்மணியோட கை இல்ல. எனக்குத் தெரியும், உங்க எல்லாருக்கும் தெரியும். வாயத் திறந்து சொல்லத்தான் ஆள் இல்ல," என்றான் ராதோவான்.

அவன் சுட்டிய விரலுக்கு நேரே, கண்ணாடிப் பேழைக்குள் நின்றது என் விமானம். உள்ளங்கையில் அடங்கிவிடும் இத்தாலியப் போர்விமானம். பாலைமணல் நிறத்து உடல். இறக்கையெங்கும் பச்சை வளையங்கள், யாரோ ஊதிவிட்ட புகை கலைய மனமின்றி அங்கேயே தங்கிவிட்டாற்போல. ஒவ்வொரு வளையமும் ஒரு பார்லிமணியின் அகலம். அதன் கோடு தலைமயிரினும் சற்றே தடிப்பு. அச்சு வெட்டி ஒட்டியவை அல்ல அவை. பெயிண்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷைக் காற்றில் பிடித்து, வெறுங்கையால் சுழற்றியவை. அதற்கே முதலிடம் என்று நடுவர்கள் சற்று முன்புதான் முடிவு செய்திருந்தார்கள். இரண்டாமிடம் ராதோவானுடையது.

"பின்ன யாரோட கைங்கிற?" என்று கேட்டார் டாக்டர் ஹவ்ரானெக். எங்கள் ஊரின் பல் மருத்துவர். மாதிரி விமானக் கழகத்தின் தலைவரும் அவரே.

"வேற யாரு? அவங்க வீட்டுக்காரர் கைதான். மூணு தடவ ஜெயிச்சவர் திரும்பப் போட்டியில நிக்கக் கூடாதுன்னு நாமதான விதி வெச்சோம்? போஹுமில் அண்ணனால சும்மா இருக்க முடியல. பொண்டாட்டி பேர்ல நிக்கிறார். பாவம், கை அரிக்குது!"

தீயணைப்பு நிலையத்தின் கூடம் நிறைந்திருந்தது. பரிசளிப்புக்காக இட்ட நாற்காலிகளில் இருந்தவர்கள், சாஸேஜ் திணித்த ரொட்டியைப் பாதிக் கடியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். இரண்டாம் வரிசையின் ஓரத்தில் என் கணவர் போஹுமில் அமர்ந்திருந்தார். கூடத்துக் கணப்படுப்பு கனன்றுகொண்டிருந்தபோதும் அவர் கோட்டைக் கழற்றவில்லை. இரு கைகளும் கோட்டுப் பைக்குள் இருந்தன.

அந்தக் கைகளின் உண்மையை அறிந்தவர்கள் அந்தக் கூடத்தில் இருவரே: அவரும் நானும். மேசையில் ஊன்றிய கை அவருக்கு அசையாது. ஊன்ற இடமின்றிக் காற்றில் நீட்டிய கை நடுங்கும். மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் மெல்லத் தொடங்கிய நடுக்கம், வசந்தம் வருமுன் ஏர்பிரஷ்ஷை அவரிடமிருந்து பறித்துக்கொண்டது. ஆனால் அவருடைய பிழைப்பு செயற்கைப் பற்களைச் செதுக்குவது. மெழுகிலும் பீங்கானிலும் நுண்ணிய வேலை. அந்த வேலையில் பெரும்பகுதியை அனுப்புகிறவர் இதே டாக்டர் ஹவ்ரானெக். முழங்கை இரண்டையும் பட்டறை மேசையில் பதித்துக்கொண்டு போஹுமில் இன்றும் குறையின்றிச் செய்கிறார். என்றாலும், நடுங்கும் கையைக் கண்ணால் கண்டபின் அதே கையிடம் எந்த மருத்துவர் பல்லை ஒப்படைப்பார்? யாரிடமும் சொல்வதில்லை என்று தேவாலயப் பலிபீடத்தின் முன் நான் அவருக்கு வாக்களித்திருந்தேன்.

"மிலாதா அம்மணி," டாக்டரின் குரலில் தயக்கம் இருந்தது, "நீங்க என்ன சொல்றீங்க?"

"வளையம் எல்லாம் என் கை போட்டது, டாக்டர்."

"அப்ப இங்கயே போட்டுக் காட்டட்டுமே!" என்றான் ராதோவான். "அரைமணி நேரம். பத்து வளையம். வந்துச்சுன்னா எல்லாருக்கும் முன்னாடி மன்னிப்புக் கேக்கறேன். வரலன்னா..."

அவன் முடிக்கவில்லை, முடிக்கத் தேவையும் இல்லை. பதக்கம் வெறும் தகரம், அது போனால் போகட்டும். ஆனால் ஞாயிறுதோறும் கோயிலின் பாடற்குழுவில் நான் நிற்கும் இடத்துக்கு எதிர்வரிசையில் இதே முகங்கள்தாம் அமர்கின்றன. புருஷன் உழைப்பைத் தன் பேரில் காட்டியவள் என்ற சொல் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், நான் பாட வாய் திறக்கும்போதெல்லாம் அவர்கள் காதில் அதுவே விழும்.

"காட்டறேன்," என்றேன்.

என் பெட்டியைத் திறந்து, மருந்துச் சீசா ஒன்றை எடுத்தேன். ஏற்கெனவே தின்னர் கலந்து, ஊற்றினால் தெளிக்கலாம் என்ற பதத்தில் இருந்த பச்சை.

"அதெல்லாம் வேணாம் அம்மணி," ராதோவான் கையை நீட்டி மறித்தான். "அந்தச் சீசாவுக்குள்ள என்ன மாயம் இருக்கோ! கழகத்து ஏர்பிரஷ். சீல் உடைக்காத டப்பா. கழகத்துத் தின்னர். எல்லாம் எங்க கண்ணு முன்னாடி."

"நியாயந்தான்," என்றார் டாக்டர்.

நான் சீசாவைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தேன்.

பெயிண்டை நீர்க்கச் செய்வது எப்படி என்று எனக்குத் தெரியாது. மூன்றாண்டுகளாக நான் அதைத் தொட்டதில்லை. முன்னால் ஊசியும் மேலே பெயிண்ட் கிண்ணமும் கொண்ட ஏர்பிரஷ் அவர் கையை விட்டு என் கைக்கு வந்த நாளில், "ஊசி உனக்கு, கிண்ணம் எனக்கு," என்று பங்கு பிரித்திருந்தார் போஹுமில். கிண்ணத்தின் விளிம்பில் மணிக்கட்டைச் சாய்த்துக்கொண்டு அவர் துளித்துளியாகத் தின்னர் விடுவார். கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். பதம் வந்ததும், "குடிக்கலாம்," என்று சிரித்தபடி என்னிடம் நீட்டுவார். நான் கற்றுக்கொள்ளாமல் இருந்தது சோம்பலால் அன்று. அந்தக் கிண்ணத்தையும் நான் வாங்கிக்கொண்டால் அவருக்கு எஞ்சுவது பார்வையாளர் நாற்காலி மட்டுமே. அதை அவருக்குத் தர எனக்கு மனமில்லை.

பீர் ஊற்றும் குழாயருகே நின்றிருந்த லோய்சா, தீயணைப்பு நிலையத்தின் பருத்த சமையற்காரன், ஏர்பிரஷ்ஷுக்குக் காற்றூட்டும் கம்ப்ரசரை இழுத்து வந்து மேடைமேல் வைத்தான். மணல்நிறம் பூசிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை, கடைசி வரிசைக்கும் தெரியும்படி தாங்கியில் செங்குத்தாக நிறுத்தினார்கள். கை ஊன்ற இடமில்லாத உயரம்.

"யாரும் வாயத் திறக்கக் கூடாது," என்றார் டாக்டர். "முக்கியமா நீ, போஹுமில்."

என் கணவர் தலையசைத்தார். பைக்குள் இருந்த கைகள் இன்னும் ஆழமாக அமிழ்ந்தன.

டப்பாவின் சீலை உடைத்தேன். உள்ளே பச்சை, கட்டித் தயிர்போல் அசையாமல் கிடந்தது. கிண்ணத்தில் கொஞ்சம் வழித்தேன், தின்னர் விட்டேன், கலக்கினேன். எவ்வளவு விடவேண்டும்? அவர் கையிலிருந்து கிண்ணம் என்னிடம் வரும்போது அது எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை. ஊசிமுனையிலிருந்து அது எப்படிப் புறப்படும் என்பதையே அறிவேன். உணவை நாவால் மட்டும் அறிந்தவளை அடுப்படியில் நிறுத்தினாற்போல் நின்றேன்.

சுவரில் தொங்கிய படத்தில் தீயணைப்பவர்களின் காவலர் புனித ஃப்ளோரியன், எரியும் வீட்டின்மேல் வாளி நீரைச் சாய்த்தபடி நின்றார். எவ்வளவு என்று அவரும் அளந்து ஊற்றவில்லை. ஐயனே, இந்த ஒரு கிண்ணத்துக்கு அளவு காட்டு என்று நெஞ்சுக்குள் வேண்டிக்கொண்டு விசையை அழுத்தினேன்.

கம்ப்ரசர் உறுமியது. தகட்டில் வளையம் விழவில்லை. பொரிப்பொரியாகப் புள்ளிகள் தெறித்தன. பிறகு ஏர்பிரஷ் இருமியது. பிறகு ஒன்றுமே வரவில்லை. அடுப்பின் வெப்பத்தில் பெயிண்ட் முனையிலேயே உலர்ந்து அடைத்துவிட்டது.

"அம்மை போட்டிருக்கு பாருங்க தகட்டுக்கு," என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

"பேசாதீங்க," என்றார் டாக்டர்.

முனையைக் கழற்றித் துடைத்தேன். விரலெங்கும் பச்சை. மிகத் தடிப்பு என்பது புரிந்தது; ஆகவே தாராளமாகத் தின்னர் விட்டேன். கிண்ணத்தில் இப்போது பச்சை நீர் ஆடியது. போஹுமிலின் பக்கம் பார்க்கக்கூடாதென்று உறுதி பூண்டிருந்தேன். ஆனாலும் ஓரக்கண்ணில் அவர் முகம் பட்டது. பார்க்கச் சகியாத ஒன்றைக் கண்டவர்போல் அவர் கண்களை இறுக மூடியிருந்தார்.

அதில் எனக்கு விடை இருந்தது: தின்னர் மிஞ்சிவிட்டது. ஆனால் தகட்டின்மேல் என் கை சுழலத் தொடங்கிவிட்டது.

முதல் அரைவட்டம் அழகாகவே வந்தது. அடுத்த கணம் காற்றின் அழுத்தம் அந்த நீரை நாற்புறமும் தள்ள, கோட்டிலிருந்து மெல்லிய கால்கள் முளைத்து ஓடின. வளையம் ஒரு பச்சைச் சிலந்தியாகி, ஒரு சொட்டு அதன் வயிற்றிலிருந்து வழிந்து தகட்டின் அடிவரை இறங்கியது.

"சிலந்திப் பூச்சி வளக்கறாங்க அம்மணி!" ராதோவான் இப்போது குரலைத் தாழ்த்தவில்லை. "டாக்டர், இன்னும் என்ன வேணும்? வளையம் போடத் தெரியாதது இருக்கட்டும். பெயிண்ட்டக் கலக்கவே தெரியல! இந்தக் கை அந்த இறக்கைய முடிச்சிருக்கும்னு நம்பறீங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சினமில்லை, இரக்கம் இருந்தது. அதைத் தாங்குவது கடினமாக இருந்தது.

"மிலாதா அம்மணி, உண்மையச் சொல்லிருங்க. பெரிசு பண்ண மாட்டோம்."

உண்மை என் நாவின் நுனியில் நின்றது. அவருடைய கை நடுங்குகிறது, டாக்டர். அந்த ஒரு சொல் போதும். சொன்னால் என் பெயர் மாசு நீங்கும். அவருடைய பட்டறை மூடும். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"வளையம் என் கை போட்டதுதான்," என்றேன் மறுபடியும். என் காதுக்கே அது பொய்போல் ஒலித்தது.

"சரி, இப்படி வெச்சுக்குவோம்," ராதோவான் மேடையேறி வந்துவிட்டான். "அண்ணன கூப்பிடுங்க. இதே தகட்டுல அவர் ஒரு வளையம் போடட்டும். பேழையில இருக்கறது மாதிரியே வரும் பாருங்க. அதோட முடிஞ்சது. என்ன அண்ணே, வர்றீங்களா? இல்ல, நாற்காலியில ஒட்டிக்கிட்டீங்களா?"

"அவர் வர வேண்டாம்," என்றேன். நான் சொன்ன வேகமே என்னைக் குற்றவாளியாக்கியது. கூடத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

போஹுமில் எழுந்தார்.

நாற்காலிகளின் இடையே அவர் நடந்து வந்தபோது கைகள் பைக்குள்ளேயே இருந்தன. மேடைமேல் வந்து என் அருகே நின்றார். அவர் மூச்சில் காப்பியின் மணம்.

"போஹூஷ், வேண்டாம்," என்று வீட்டில் அழைக்கும் பெயரால் முணுமுணுத்தேன். "தகரத்துக்காகவா? போய் உக்காரு."

"தகரத்துக்கு இல்ல," என்றார் அவரும் மெல்ல. "தள்ளு கொஞ்சம்."

பையிலிருந்து கைகளை எடுத்தார். முதலில் மணிக்கட்டைக் கிண்ணத்தின் விளிம்பில் சாய்த்தார்; அங்கே அந்தக் கை கல்லில் வடித்ததுபோல் அமைதியாக இருந்தது. என் பச்சைநீரில் பாதியைக் கொட்டினார். டப்பாவிலிருந்து கொஞ்சம் பெயிண்ட் சேர்த்தார். பின், கழகத்துப் பெட்டியைத் துழாவி, பெயிண்ட் சீக்கிரம் உலராமல் காக்கும் திரவத்தை ஒரு சொட்டு விட்டார். அடுப்பை ஒருமுறை பார்த்தார். மேலும் ஒரு சொட்டு. கம்ப்ரசரின் திருகைக் குறைத்தார். அதன் உறுமல் தணிந்தது. கலக்கிவிட்டுக் கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்தார். பச்சை ஓர் ஓரத்தில் ஏறி, மெல்லிய திரைபோல் படிந்து, நிதானமாக இறங்கியது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்றான் ராதோவான். "கை எவ்வளவு நிதானம்!"

போஹுமில் கிண்ணத்தை ஏர்பிரஷ்ஷில் பொருத்தி எடுத்தார். தகட்டின் முன், ஊன்ற ஏதுமற்ற காற்றில், கையை நீட்டினார்.

விசையின் மெல்லிய சீறல் கேட்டது. பெயிண்ட் பழுதின்றி வந்தது. பதம் அத்தனை துல்லியம். ஆனால் கோடு வளையமாகவில்லை. ரம்பத்தின் பற்களைப்போல் மேலும் கீழும் குதித்து, எங்கெங்கோ அலைந்து, தொடங்கிய இடத்தைத் தேடித் தேடிக் காணாமல் நின்றது. அவர் நிறுத்தவில்லை. அதன் அருகே இரண்டாவது வளையத்தைத் தொடங்கினார். அதுவும் அப்படியே. மூன்றாவதை அவர் தொடங்கியபோது கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து நின்று பார்த்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

போஹுமில் விசையிலிருந்து விரலை எடுத்தார்.

"மூணு வருஷமா இப்படித்தான்," என்றார் போஹுமில், தகட்டைப் பார்த்தபடியே. "கை அரிக்கலப்பா, ராதோவான். ஆடுது."

டாக்டர் ஹவ்ரானெக் தகட்டைப் பார்க்கவில்லை. இப்போதும் காற்றில் இருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பற்கள் அந்தக் கையின் வழியே தன் நாற்காலிக்கு வந்தன என்று அவர் எண்ணுவது அவர் முகத்திலேயே தெரிந்தது.

போஹுமில் திரும்பி, ஏர்பிரஷ்ஷை என்னிடம் நீட்டினார். கிண்ணத்துக்குள் பச்சை சிறிதே அலைந்தது.

"குடிக்கலாம்," என்றார்.

வாங்கினேன். என் கை அறிந்த எடை, என் விரல் அறிந்த விசை. அவருடைய உடைந்த கோடுகளுக்குக் கீழே தொடங்கினேன். முனையிலிருந்து பெயிண்ட் புறப்பட்ட முதற்கணத்திலேயே தெரிந்துவிட்டது, வீட்டுச் சமையலறை மேசையில் மாலைதோறும் என்னிடம் வருகிற அதே பச்சை. மணிக்கட்டைத் தளர்த்தி, தோளிலிருந்து சுழற்றினேன். ஒரு வளையம் மூடியது. அடுத்தது அதைத் தொட்டும் தொடாமலும். அடுத்தது சற்றே சிறிதாக. பாடற்குழுவில் நீண்ட அடியைப் பாடும்போது மூச்சை எங்கே வைப்பது என்று எண்ணுவதில்லை. அப்படியே எண்ணாமல் போட்டேன். பத்துக்கு மேல் போய்விட்டதைப் பிறகுதான் கண்டேன்.

பேழையிலிருந்த விமானத்தை டாக்டரே எடுத்து வந்து தகட்டின் அருகே பிடித்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஒரே கை," என்றார்.

கைதட்டல் எழ இருந்தது. அதற்குள் ராதோவான் தொண்டையைச் செருமினான். அவன் முகம் சிவந்திருந்தது. தோற்பதற்குப் பயிற்சியில்லாத முகம்.

"மன்னிப்புக் கேக்கறேன் அம்மணி. வளையம் உங்களோடதுதான், ஒத்துக்கறேன். ஆனா... டாக்டர், விதி விதிதான? முழு வேலையும் ஒரே ஆளோடதா இருக்கணும். பெயிண்ட்டக் கலந்தது அண்ணன். அம்மணிக்கு அது வராதுன்னு இப்பத்தான் பாத்தோம்."

டாக்டர் நெற்றியைத் தடவினார். பின்பு என்னிடம், "இன்னொரு டப்பா இருக்கு," என்றார். "போஹுமில் எப்படிச் செஞ்சார்னு பக்கத்துலேருந்து பாத்தீங்க. நீங்களே ஒருதரம் கலந்து காட்டிருங்களேன். பேச்சு முடிஞ்சிரும்."

செய்திருக்கலாம். அவர் கிண்ணத்தைச் சாய்த்ததையும், பச்சை திரையாக இறங்கியதையும் கண்ணெதிரே கண்டிருந்தேன். இப்போது எனக்கு அந்தப் பதம் தெரியும். டாக்டர் நீட்டிய டப்பாவை வாங்கவும் வாங்கினேன். மூடியில் விரல் வைத்தபோது போஹுமிலைப் பார்த்தேன். அவர் புன்னகைத்துக்கொண்டிருந்தார், எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறவரின் புன்னகை. கைகளை மீண்டும் பைக்குள் வைத்துவிட்டிருந்தார்.

டப்பாவைத் திறக்காமலே மேசையில் வைத்தேன்.

"மாட்டேன், டாக்டர். எங்க வீட்டுல கிண்ணம் அவரோடது. ஊசி என்னோடது. விதிப்படி அது தப்புன்னா பதக்கத்த ராதோவானுக்குக் குடுத்துருங்க. வளையம் யாரோடதுன்னு எல்லாரும் பாத்தாச்சு. எனக்கு அது போதும்."

"அப்படிப் போடுங்க!" என்று பீர்க்குழாயின் பக்கமிருந்து ஒரு குரல். லோய்சா ஏப்ரனில் கை துடைத்தபடி வந்தான். "எனக்கு விமானமும் தெரியாது, விதியும் தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ராதோவான் தம்பி, போன வாரம் உன் பெட்டிய நான்தான வண்டியிலேருந்து எறக்குனேன்? அதுல இருந்த சீசாவுலெல்லாம் 'ஏர்பிரஷ்ஷுக்குத் தயார், தின்னர் தேவையில்லை'ன்னு எழுதியிருந்துச்சே. அத யாருப்பா கலந்தா? உன் பொண்டாட்டியா?"

முன்வரிசையில் ஒருவர் பீரைத் துப்பிச் சிரித்தார். அங்கிருந்து சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னோக்கிச் சென்றது.

"அது... அது கம்பெனியில..." என்றான் ராதோவான்.

"அப்ப கம்பெனிக்காரனையும் மேடையேத்துங்க! அவனும் ஒரு வளையம் போட்டுக் காட்டட்டும்!" என்றான் லோய்சா.

டாக்டர் ஹவ்ரானெக்கும் சிரித்துவிட்டார். "கலந்தது யாருன்னு விதியில எங்கயும் இல்ல," என்றார், சிரிப்பு அடங்கியதும். "தெளிச்சது யாருன்னுதான் இருக்கு. முடிவு மாறல." பேழைக்குள் விமானத்தைத் திரும்ப வைத்துக் கதவைச் சாத்தினார். ராதோவான் தலைகுனிந்து என் கையைக் குலுக்கினான். அவன் விரலிலும் பச்சை ஒட்டிக்கொண்டது.

பரிசளிப்பு முடிந்து, நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார்கள். டாக்டர் எங்களிடம் வந்தார். என் கையை அல்ல, போஹுமிலின் கையை எதிர்பார்த்துத் தன் கையை நீட்டினார். என் கணவர் சற்றுத் தயங்கினார். பிறகு பையிலிருந்து வலக்கையை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் அதை வழக்கத்தைவிட அதிகநேரம் பிடித்திருந்தார்.

"பட்டறையில எப்படிச் செய்யற?" என்றார் தாழ்ந்த குரலில்.

"முழங்கை ரெண்டையும் ஊனிக்கிட்டு."

"நாளன்னிக்கு வரேன். பக்கத்துல உக்காந்து பாக்கறேன்." தொப்பியை அணிந்துகொண்டு போனார். அது ஆறுதலா எச்சரிக்கையா என்று எனக்குத் தெரியவில்லை, போஹுமிலும் கேட்கவில்லை.

காரை நான் ஓட்டினேன். சர்க்கரை பீட்ரூட் தோண்டியெடுத்த வயல்கள் இருபுறமும் மூடுபனியில் கிடந்தன. பதக்கம் என் கோட்டுப் பையில் ஜெபமாலையோடு சேர்ந்து கிணுகிணுத்தது. போஹுமில் கையுறை அணியவில்லை. இரு கைகளையும் மடிமேல் திறந்து வைத்திருந்தார். அவை ஆடின. அவர் அவற்றை மறைக்கவில்லை.

"ரெண்டாவது தடவ தின்னர அள்ளி ஊத்திட்ட," என்றார் திடீரென்று.

"தெரியும்."

"கண்ண மூடிக்கிட்டேன். பாக்க முடியல."

"அதையும் பாத்தேன்."

"எந்நேரமும் நான் பக்கத்துல இருப்பேனா? நாளைக்குச் சொல்லித் தரேன். பெரிய வித்தையெல்லாம் இல்ல."

"வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம், போஹூஷ். நாளைக்குச் சாயங்காலம் வால்பகுதி பாக்கியிருக்கு. அஞ்சு மணிக்குக் கிண்ணம் ரெடியா இருக்கணும்."

அவர் சிரித்தார். பிறகு, கணப்படுப்பு இல்லாத எங்கள் சமையலறைக்கு, உலராமல் காக்கும் திரவத்தில் எத்தனை துளி குறைக்க வேண்டும் என்று தனக்குள் கணக்கிடத் தொடங்கினார்.